பெருவிழாவில் பாட வேண்டிய சங்கீதம்

எங்கள் பங்குக் கோயிலின் பாதுகாவலர், நம் மக்கள் கோடி அற்புதர் என்று அன்போடு அழைக்கும் பதுவைப் புனித அந்தோனியார். ஜூன் மாதத் தொடக்கத்தில் கொடியேறி, நவநாள் ஜெபங்கள் நடந்து, 12-ஆம் தேதி இரவு தேர்ப்பவனியும் 13-ஆம் தேதி காலை ஆடம்பரப் பாடற்பூசையுமாக அத்திருநாள் நிறைவெய்துவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பூசையில், பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பிலிருந்த நான், முதல் வாசகம் முடிந்ததும் அந்தோனியாரைப் போற்றும் பாடலொன்றை எடுத்துக் கொடுத்தேன். நவநாளின் மாலைகளிலெல்லாம் பாடிப் பழகிய பாட்டாதலால் கோயில் முழுவதும் ஒரே குரலாய் உடன் பாடிற்று; கடைசி வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த தாய்மார் வரை பாடியதைக் கண்டு என் மனம் நிறைந்து போயிற்று.

பூசை முடிந்து ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருக்கையில், எங்கள் ஊரில் நெடுங்காலம் உபதேசியாராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கைத்தடியை ஊன்றியபடி மெல்ல நடந்து என்னிடம் வந்தார்.

“தம்பி, பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இன்னிக்குச் சங்கீதம் எங்கே?”

“அதுக்குப் பதிலாத்தான் ஐயா அந்தோனியார் பாட்டைப் பாடினோம்.”

“வாசகத்துல பேசினவரு ஆண்டவரு. பதில் போக வேண்டியது ஆண்டவருக்கு. நீங்க அந்தோனியாருக்கில்ல பதில் சொன்னீங்க?”

இவ்வளவு சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டிக் கொடுத்து, அவர் போய்விட்டார். அவர் குரலில் கோபம் சிறிதும் இருக்கவில்லை. அதனாலேயே அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அன்றிலிருந்து, திருநாளன்று எந்தச் சங்கீதத்தைப் பாட வேண்டும், அதைத் தேர்பவர் யார், எந்த நியதியைக் கொண்டு தேர்கிறார்கள் என்னும் விஷயத்தை நான் இயன்ற மட்டும் படித்து வருகிறேன். இப்பொழுது நாம் திருப்பாடல் என்று வழங்குவதையே அப்பெரியவர் சங்கீதம் என்றார். என் காதுக்கும் அந்தப் பழைய சொல்லே இனிமையாயிருப்பதால், இக்கட்டுரையில் அதையே கையாளுகிறேன். எண்களெல்லாம் நம் தமிழ் விவிலியத்தில் உள்ளபடியே. இலத்தீன் வழிபாட்டு நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓரெண் குறைவாயிருக்கும் என்பதை, பழைய நூல்களைப் புரட்டுவோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், பூசையில் சங்கீதம் வகிக்கும் ஸ்தானத்தைச் சொல்லிவிட வேண்டும். முதல் வாசகத்துக்குப் பின்வரும் பதிலுரைப் பாடல், வாசகர் ஒருவர் இறங்கி மற்றொருவர் ஏறும் இடைவேளையை நிரப்புவதற்காக வைக்கப்பட்டதன்று. அது இறைவார்த்தை வழிபாட்டின் பிரிக்க முடியாத அங்கம் என்று உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை தெளிவாகக் கூறுகிறது. விவிலியத்திலில்லாத வேறெந்தப் பாடத்தையும், அது எவ்வளவு பக்தி நிறைந்ததாயினும், வாசகத்துக்கோ சங்கீதத்துக்கோ பதிலாக வைத்தலாகாது என்பதும் அப்படிப்பினையின் விதியே. காரணம் எளிது. சங்கீதமும் இறைவார்த்தை, இறைவன் பேசியதற்கு இறைவனே நம் வாயில் எடுத்து வைக்கும் மறுமொழி. உபதேசியார் இரண்டு வாக்கியத்தில் சொன்னதும் இதுவே.

ஆயினும், திருநாளுக்கு எந்தச் சங்கீதம் என்ற கேள்வி பூசையில் பிறந்ததன்று. இரவும் பகலும் நாழிகை குறித்து ஜெபித்த துறவியரின் கட்டளை ஜெபத்தில் பிறந்தது. அதன் வரலாற்றை அறியாமல் இன்றைய விதிகளைப் படிப்பவனுக்கு, அவை யாரோ சிலர் மேசையருகில் அமர்ந்து எழுதிய அட்டவணையாகவே தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் பாடி முடித்துவிட வேண்டும் என்று விதித்தார். தாம் வகுத்த பங்கீடு பிடிக்காதவர் வேறு விதமாகப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் வாரத்துக்கு 150 என்பது மட்டும் குறையலாகாது, நம் முன்னோர் ஒரே நாளில் செய்ததை நாம் ஒரு வாரத்திலாவது செய்ய வேண்டாமா என்று அவர் கேட்கும் இடத்தில், எத்தனையோ விதிகளை வகுத்த அந்தப் பெரியவர் எதை விட்டுக்கொடுப்பார், எதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது நன்கு விளங்குகிறது. அதே ஒழுங்கில் புனிதர் திருநாட்களைப் பற்றியும் ஒரு சிறு அத்தியாயம் உண்டு. அந்நாட்களில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையைப் போலவே நடக்கட்டும், சங்கீதங்களும் முன்மொழிகளும் வாசகங்களும் மட்டும் அந்நாளுக்கு உரியவையாக இருக்கட்டும் என்கிறார். ஆக, வாரத்தின் ஓட்டம் ஒன்று, திருநாளின் உரிமை ஒன்று என இரண்டு நியாயங்கள் அன்றே அருகருகே நின்றன. பின்வந்த ஆயிரத்து நானூறு ஆண்டு வரலாறும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த வழக்குத்தான்.

அவ்வழக்கில் நெடுங்காலம் வென்றது திருநாளே. நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் புனிதர்களின் எண்ணிக்கை பெருகிற்று; ஒவ்வொருவருக்கும் ஒரு நாள், ஒவ்வொரு நாளுக்கும் அவர் மறைச்சாட்சியா, ஆயரா, கன்னியரா என்பதைப் பொறுத்து முன்கூட்டியே வகுத்து வைத்த ‘பொது’ச் சங்கீதங்கள். இவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. பழைய உரோமைக் கட்டளை ஜெபத்தின் இரவு வழிபாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு 18 சங்கீதங்கள், வார நாளுக்கு 12, திருநாளுக்கோ 9. பங்கு வேலைகளால் களைத்துப்போன குருவானவருக்குத் திருநாள் ஜெபம் ஓர் இளைப்பாறுதலாகவும் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவு பெரிதாயிருந்தது. சில சங்கீதங்கள் மறுபடி மறுபடி ஓதப்பட, வேறு பல, அவற்றுள் மனிதனின் ஓலமும் தனிமையும் நோயும் முதுமையும் பேசும் அரிய சங்கீதங்கள், ஆண்டு முழுவதிலும் சில நாட்களே வாய்க்கு வந்தன. திருநாள்கள் சங்கீத நூலை விழுங்கிவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

இதைத் திருத்த எழுந்தவர் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர். 1911-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, சகல புனிதர் திருநாளன்றே, ‘திவீனோ அப்ஃபிளாத்து’ என்ற ஆணையை வெளியிட்டு, 150 சங்கீதங்களும் மறுபடி ஒரு வாரத்துக்குள் ஓதப்படும்படி நூலைப் புதிதாகப் பகிர்ந்தார். இரவு வழிபாட்டின் சங்கீதங்கள் எல்லா நாளுக்கும் ஒன்பதாயின. ஆகவே திருநாளின் பக்கம் சாய்வதற்கு இருந்த பழைய காரணம் நீங்கிற்று. உயர்ந்த சில திருநாட்கள் மட்டுமே தம் சொந்தச் சங்கீதங்களை வைத்துக்கொள்ள, ஏனைய புனிதர் திருநாட்களில் அந்த வார நாளுக்குரிய சங்கீதங்களே ஓதப்பட வேண்டும் என்றாயிற்று. 1913-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து இது எல்லாருக்கும் கட்டாயமாயிற்று. புனிதர்களின் மகிமையைக் குறைத்துவிட்டார் என்று எவரேனும் அன்று வருந்தியிருப்பாராயின், அந்தப் புனிதர்கள் தம் வாழ்நாளெல்லாம் ஓதி வளர்ந்தது இந்தச் சங்கீத நூலைத்தான் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வதே தகுந்த விடையாகும்.

பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்தது. 1963-இல் வெளியான திருவழிபாட்டுச் சாசனம், சங்கீதங்களை ஒரு வாரத்துக்குப் பதிலாக நீண்டதொரு காலப்பகுதிக்குப் பகிரச் சொல்லிற்று. புனிதர் திருநாட்கள் மீட்பின் மறைபொருள்களைக் கொண்டாடும் திருநாட்களை மேற்கொள்ளலாகாது என்றும் கூறிற்று. அதன்படி திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1970-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில், மறுபடியும் சகல புனிதர் திருநாளன்று, புதிய கட்டளை ஜெபத்துக்கு ஒப்புதல் அளித்தார். நான்கு வார வட்டம் ஒன்று அமைந்தது. இன்று நம் கையிலிருக்கும் திருப்புகழ்மாலை அதன் வழி வந்ததே.

இப்புதிய ஒழுங்கில் என்னை மிகவும் கவர்ந்தது, திருநாளின் படிநிலைக்குத் தக்க அளவே அது வாரத்தின் ஓட்டத்தைக் கலைக்கலாம் என்னும் நியாயம். ஒரு புனிதரின் நாள் வெறும் நினைவு என்றால், அவருக்கென்று தனிச் சங்கீதமோ முன்மொழியோ குறிக்கப்பட்டிராத வரையில், அன்றைய கிழமையின் சங்கீதங்கள் அசையாமல் அப்படியே நிற்கும். இறுதி மன்றாட்டில் அவர் பெயர் வரும். விழா என்றால், காலை ஜெபத்துக்கும் மாலை ஜெபத்துக்கும் வாசக ஜெபத்துக்கும் கிழமை வழிவிடும். ஆனால் நண்பகல் ஜெபத்தில் அன்றைய கிழமையே மீண்டும் தலைகாட்டும். பெருவிழா என்றால், அது முந்திய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். நண்பகலுக்கும் கிழமையின் சங்கீதங்களை விட்டு, யெருசலேமுக்கு யாத்திரை ஏறிச் சென்றோர் வழிநடையில் பாடிய பாடல்களாகிய 120 முதல் 128 வரையிலான சங்கீதங்கள் வரும். இரவு படுக்கப் போகும் முன் ஓதுவதும் ஞாயிற்றுக்கிழமையின் சங்கீதங்களாகவே இருக்கும். சிறிய நாள் சிறிதளவும், பெரிய நாள் பெரிதளவும் இடங்கொள்ளும் இம்முறையில், வாரத்தின் நியாயமும் திருநாளின் நியாயமும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ வழி கிடைத்திருக்கிறது.

பெருவிழாவுக்கு முந்திய மாலையில் பாடப்படுபவை, ஆண்டவரைப் புகழுங்கள் என்ற அழைப்போடு தொடங்கும் 113, 117, 135, 146, 147 ஆகிய சங்கீதங்களிலிருந்து எடுக்கப்படுபவை. இது மிகப் பழைய வழக்கம் என்று ஒழுங்குமுறையே காரணம் காட்டுகிறது. பேதுரு சின்னப்பர் திருநாளானாலும், ஸ்நாபக அருளப்பர் திருநாளானாலும், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளானாலும், அம்மாலையில் முதலில் எழுவது கடவுளின் புகழ்ச்சியே. காலை ஜெபத்திலோ, விழாவும் பெருவிழாவும் ஒருங்கே முதல் வார ஞாயிற்றுக்கிழமையின் சங்கீதங்களையே கடன் வாங்குகின்றன: விடியலில் இறைவனைத் தேடித் தாகங்கொள்ளும் 63-ஆம் சங்கீதம், எரிகிற சூளையினுள் நின்று மூன்று இளைஞர் பாடியதாகத் தானியேல் நூலின் இணைப்பில் வரும் பாடல், பிறகு 149-ஆம் சங்கீதம். மறைச்சாட்சியானாலும் திருத்தூதரானாலும், அவருடைய திருநாளின் காலை, ஆண்டவர் உயிர்த்தெழுந்த ஞாயிற்றின் காலையைப் போலவே விடிகிறது. இதை நான் முதன்முதலில் உணர்ந்த நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்தேன்.

கிறிஸ்து பிறப்பை அடுத்த மூன்று நாட்களில் இந்நியாயம் இன்னும் அழகாக விளங்குகிறது. டிசம்பர் 26, முதல் மறைச்சாட்சியான முடியப்பருக்கு, 27 நற்செய்தியாளர் அருளப்பருக்கு, 28 மாசில்லாக் குழந்தைகளுக்கு. காலை முழுவதும் அவர்களுடையது. மாலை வந்ததும் அவர்கள் ஒதுங்கிக்கொள்ள, மாலை ஜெபம் கிறிஸ்து பிறப்பின் எண்கிழமைக்கே திரும்பிவிடுகிறது. பிறப்பு நாளின் மாலையில் பாடிய அதே சங்கீதங்கள் மறுபடி பாடப்படுகின்றன.

அப்படிப் பாடப்படும் சங்கீதங்களில் ஒன்று நம்மை வியப்பில் ஆழ்த்தக் கூடியது. கிறிஸ்து பிறப்பின் மாலைக்குரியவை 110-உம் 130-உம், அவற்றோடு கொலோசையர் திருமுகத்தின் கீதமும். 130-ஆம் சங்கீதத்தை நாமெல்லாரும் அறிவோம். அது ஆழத்திலிருந்து எழும் அழுகுரல். மரித்தோருக்காகக் கல்லறையில் நின்று ஓதுவது. மனஸ்தாபச் சங்கீதங்கள் ஏழனுள் ஒன்று. குடில் ஜோடித்து, விளக்கேற்றி, பலகாரம் பகிர்ந்து உண்ட நாளின் மாலையில் இதற்கு என்ன வேலை? சங்கீதத்தின் முடிவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இஸ்ராயேலுக்கு வரவிருக்கும் நிறைவான மீட்பைப் பற்றிய நம்பிக்கை சொல்லப்படுகிறது. ஆழத்திலிருந்து அழுதவன் எதை எதிர்பார்த்து விடியற்காலத்துக் காவலனைப் போல் விழித்திருந்தானோ, அது வந்துவிட்ட நாளில் அவ்வழுகையைப் பாடுவதே பொருத்தம் என்று நம் முன்னோர் கருதினார்கள். பழைய இலத்தீன் வழிபாட்டிலும் இச்சங்கீதம் அந்த மாலைக்கே உரியதாயிருந்தது. மகிழ்ச்சிக்கு மகிழ்ச்சிப் பாட்டையும் துக்கத்துக்குத் துக்கப் பாட்டையும் தேடுவதோடு நின்றுவிடும் நம் தேர்வு முறைக்கும், திருச்சபையின் தேர்வு முறைக்கும் உள்ள தூரத்தை இந்த ஓர் உதாரணமே காட்டிவிடும்.

பூசைக்கு வருவோம். 1969-இல் வந்து 1981-இல் விரிந்த திருப்பலி வாசக ஒழுங்கு, ஒவ்வொரு திருநாளுக்கும் சங்கீதத்தை வாசகத்தோடு இணைத்தே தருகிறது. கிறிஸ்து பிறப்பன்று நள்ளிரவில் 96, வைகறையில் 97, பகலில் 98 என்று ஒன்றையடுத்து ஒன்றாய்ப் படியேறுவதுபோல் வரும். ஆண்டவர் காட்சியளித்த திருநாளுக்கு, தூரதேசத்து அரசர் காணிக்கையோடு வருவதைப் பாடும் 72. விண்ணேற்றத்துக்கு, எக்காளம் முழங்க இறைவன் ஏறிச் செல்லும் 47. பெந்தெகொஸ்தேவுக்கு, இறைவனின் ஆவி பூமியின் முகத்தைப் புதுப்பிப்பதைச் சொல்லும் 104. தேவதாயின் விண்ணேற்புக்கு, வலப்புறத்தில் அரசி நிற்கும் 45. இவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம்; ஆனால் ஒரே சங்கீதம் இரு வேறு திருநாட்களுக்கு வரும்போதுதான் தேர்ந்தவர்களின் கைத்திறம் புலப்படுகிறது.

24-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெப்ருவரி 2-ஆம் தேதி, குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக்கிய திருநாளுக்கும் அதுவே. நவம்பர் 1-ஆம் தேதி, சகல புனிதர் பெருவிழாவுக்கும் அதுவே. பெப்ருவரியில் பாடப்படுவது அதன் பிற்பகுதி: வாயில்கள் உயர்ந்து வழிவிட, மாட்சியின் அரசர் உள்ளே வருகிறார். மரியாளின் கையிலிருக்கும் நாற்பது நாள் குழந்தைக்கு யெருசலேம் ஆலயக் கதவுகள் திறக்கின்றன. நவம்பரிலோ அதன் முற்பகுதி: ஆண்டவரின் மலையில் ஏறத்தக்கவர் யார் என்ற கேள்வியும், கறைபடாத கையும் மாசற்ற மனமும் உடையவரே என்ற விடையும். முன்னதில் இறைவன் மனிதரின் வாயிலுக்கு வருகிறார். பின்னதில் மனிதர் இறைவனின் மலைக்கு ஏறுகிறார்கள். சங்கீதம் ஒன்று, எடுத்த வசனமும் பல்லவியும் வேறு.

19-ஆம் சங்கீதமும் அப்படியே. கிறிஸ்து பிறப்பன்று அது வாசக ஜெபத்தில் வருவது, மணவறையிலிருந்து புறப்படும் மணமகனைப் போல் கதிரவன் எழுவதாக அதில் வரும் உவமைக்காக. பெலவேந்திரர், மத்தேயு, சீமோன் யூதா, பிலிப்பு யாகப்பர் முதலிய திருத்தூதர்களின் திருநாட்களில் பூசையில் அது வருவது, வானங்களின் குரல் உலகின் எல்லை வரை செல்வதாகச் சொல்லும் வசனத்துக்காக; அவ்வசனத்தை நற்செய்தி அறிவிப்புக்குப் பொருத்திக் காட்டியவர், உரோமையர் திருமுகத்தில், சின்னப்பரே. மாசில்லாக் குழந்தைகளின் நாளுக்கு, வேடன் கண்ணி அறுபடப் பறந்து தப்பிய குருவியைப் பாடும் 124. ஏரோதுவின் வாளுக்குத் தப்பாத குழந்தைகளுக்குத் தப்பியோரின் பாட்டு! இத்தேர்வைச் செய்தவர் எவராயினும் அவர் மரணத்தின் எல்லையைத் தாண்டிப் பார்த்தவர். முடியப்பரின் நாளுக்கு 31. சிலுவையில் ஆண்டவர் உயிர்விடும்போது சொன்ன சொல் அச்சங்கீதத்திலுள்ளது. கல்லெறியுண்டு விழுகையில் முடியப்பர் தம் ஆவியை இயேசுவிடம் ஒப்படைத்ததும் அதன் எதிரொலியே.

நம் நாட்டின் திருத்தூதர் புனித தோமையாருக்கு ஜூலை 3-ஆம் தேதி வருவது 117. இரண்டே வசனங்கள் கொண்ட அது சங்கீதங்களுள் மிகச் சிறியது. எல்லா இனத்தாரையும் எல்லா மக்களையும் இறைபுகழ்ச்சிக்கு அழைப்பது. யெருசலேமின் எல்லைக்கு அப்பாலுள்ள மக்களை நோக்கிப் பேசும் அச்சங்கீதத்தை, மயிலாப்பூரில் அவர் கல்லறைமேல் எழுந்த தேவாலயத்தில் நின்று கேட்கும் தமிழனுக்கு, அந்த அழைப்பு தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததுபோலவே இருக்கும். அவருடைய திருநாள் முன்பு டிசம்பர் 21-இல் இருந்தது. கிறிஸ்து பிறப்பை நோக்கிய டிசம்பர் 17 முதல் 24 வரையிலான நாட்களின் ஜெப ஒழுங்கு குலையாதிருக்கும் பொருட்டே 1969-இல் அது ஜூலைக்கு மாற்றப்பட்டது. வேறொரு புனிதரின் நாளாயிருந்தால் நான் இதைப் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டேன். நம் தோமையாரே ஆண்டவரின் வருகைக்கு இடம் விட்டு விலகினார் என்று எண்ணும்போது, மனதுக்கு நிறைவாயிருக்கிறது.

ஆனால் எங்கள் அந்தோனியாரைப் போல், பொது நாட்காட்டியில் வெறும் நினைவாக இருந்து, தம் பெயர் தாங்கிய கோயிலில் மட்டும் பெருவிழாவாக உயரும் புனிதர்களுக்கு என்ன செய்வது? கோயிலின் பாதுகாவலர் திருநாள் அக்கோயிலுக்குப் பெருவிழா என்பது திருவழிபாட்டு நாட்களின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆகவே வாசகங்கள் மூன்று. அவற்றையும் சங்கீதத்தையும் ‘பொது’விலிருந்து தேர வேண்டும். இங்கேதான் தேர்வின் சுதந்திரமும், அதனால் பொறுப்பும் நம் கைக்கு வருகின்றன. புனிதர் பொதுவிலிருந்து வாசகங்கள் எடுக்கும்போது, எந்தச் சங்கீதம் என்பதை, கூடியிருக்கும் மக்களின் ஆன்ம நன்மையைக் கருதிப் பூசை நிறைவேற்றும் குருவே முடிவு செய்யலாம் என்று வாசக நூலின் முன்னுரை கூறுகிறது. முடிவு அவருடையது, ஆயினும் பாடகர் குழு முன்கூட்டியே அவரிடம் சென்று கேட்பதும், தாம் யோசித்ததைப் பணிவோடு சொல்வதும் தகும்.

யோசிக்க எவ்வளவோ இருக்கிறது. அந்தோனியார் மறைபோதகர்; ஆகவே மேய்ப்பர் பொதுவிலிருந்து, ஆயனைப் பாடும் 23 பொருந்தும். அவரை 1946-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்; ஆகவே மறைவல்லுநர் பொதுவிலிருந்து, ஆண்டவரின் சட்டம் தேனினும் இனிதெனும் 19-உம் பொருந்தும். அவர் பிரான்சிஸ்குவின் ஏழைச் சகோதரர். ஆகவே புனிதர் பொதுவிலிருந்து, செருக்கற்ற உள்ளத்தோடு தாய்மடியில் தவழும் குழந்தையைப் போல் அமைதி கொள்வதைச் சொல்லும் 131-உம் பொருந்தும். கையில் குழந்தை இயேசுவை ஏந்திய அவருடைய சுரூபத்தின் முன் நின்று இக்கடைசிச் சங்கீதத்தை நினைத்துப் பாருங்கள். புனிதரின் எந்த முகத்தை இவ்வாண்டு மக்கள் முன் வைக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற முதல் வாசகத்தை எடுத்துக்கொண்டு, அவ்வாசகத்துக்கு எது மறுமொழியாகும் என்று கேட்டே சங்கீதத்துக்கு வர வேண்டும். பாட்டின் மெட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது வழி தவறியது. நான் முன்பு செய்தது அதுவே.

மக்கள் உடன் பாட வேண்டுமே என்ற கவலை எனக்கும் உண்டு; அதற்கும் திருச்சபை வழி வைத்திருக்கிறது. அந்தந்தக் காலத்துக்கும் அந்தந்த வகைப் புனிதருக்கும் பொதுவான சில சங்கீதங்களையும் பல்லவிகளையும் வாசக நூலே தொகுத்துத் தருகிறது: திருவருகைக் காலத்துக்கு 25-உம் 85-உம், தவக்காலத்துக்கு 51, 91, 130, பாஸ்கா காலத்துக்கு 118-உம் 66-உம் என்று. சங்கீதத்தை இராகமிட்டுப் பாடுவதாயின், அந்நாளுக்குரியதன் இடத்தில் இவற்றைப் பாடலாம். ஆண்டு முழுவதும் ஏழெட்டுப் பல்லவிகளை மக்கள் நெஞ்சில் பதித்துவிட்டால் போதும். திருநாளில் எந்தத் தயக்கமுமின்றிக் கோயில் முழுவதும் பாடும். பல்லவியைச் சபையும் சரணத்தை ஒருவரும் பாடுவது நமக்குப் புதிதா? பஜனைக்கும் கீர்த்தனைக்கும் பழகிய காதுகள் நம்முடையவை. மறுமொழிக்கு நம் தமிழ் வாசக நூல் பல்லவி என்று பெயரிட்டிருப்பதே அதற்குச் சாட்சி.

புனிதர் பாடல்களை நான் வெறுத்து ஒதுக்குவதாக எவரும் எண்ண வேண்டாம். வருகையின்போது பாடலாம், நன்றியறிதலாகப் பாடலாம், தேரோடு வீதி முழுவதும் நடந்து விடிய விடியப் பாடலாம். அவ்விடங்களில் அவை நம் மக்களின் கண்ணீரையும் நேர்ச்சையையும் சுமந்து செல்லும் அரிய சொத்து. சங்கீதத்தின் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் சில நிமிஷமே. அந்தச் சில நிமிஷத்தை அதற்கு விட்டுவிடுங்கள் என்று, தமிழகத்துப் பங்குகளில் பாடகர் குழு நடத்தும் என் சகோதர சகோதரிகளைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கோயில் திருநாளுக்கு ஒரு மாதம் முன்னதாகப் பங்குக் குருவிடம் சென்று, வாசகங்களைக் கேட்டு, சங்கீதத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றப் பாடல்கள் அதன் பின்னால் தாமே வந்து அமரும். வாசகத்தைப் படித்தவரே சங்கீதத்தையும் படித்து முடித்துவிடாமல், அதற்கென ஒருவரைப் பழக்கி, வாசக மேடையிலிருந்தே பாடச் செய்யுங்கள்.

அந்த உபதேசியார் இப்பொழுது இல்லை. அடுத்த ஜூன் 13-ஆம் தேதிக்கு எங்கள் குருவானவர் 131-ஆம் சங்கீதத்தைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். மூன்றே வசனங்கள், வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குப் பயின்று வருகிறோம்.